வயிற்று ஸ்கேன் ‘கிளியர்’ என்றால் புராஸ்டேட் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமா?

ஐம்பது வயதைத் தாண்டிய நம் ஆண்கள் பலரது வீட்டு அலமாரியில் ஒரு மருத்துவ அறிக்கை இருக்கும். தனியார் கிளினிக்கில் முழு உடல் பரிசோதனை ‘பேக்கேஜ்’ எடுத்தபோதோ, மருத்துவ முகாமிலோ வயிற்றை ஸ்கேன் செய்து கொடுத்த அறிக்கை அது. கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் புராஸ்டேட் சுரப்பியின் அளவையும் குறிப்பிட்டு, சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று முடித்திருப்பார்கள். வீட்டில் அதைப் படிப்பவர்கள் “ஸ்கேன் கிளியர், புற்றுநோய் இல்லை” என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், புராஸ்டேட் வீங்கியிருக்கிறதா, சிறுநீர்ப் பையில் எவ்வளவு நீர் தேங்குகிறது என்பதை அளக்கப் பயன்படும். சுரப்பிக்குள் தொடக்க நிலையில் இருக்கும் புற்றுநோயைக் கண்டுபிடிக்க அதனால் பெரும்பாலும் முடியாது. ஆசனவாய் வழியாகச் செய்யும் நெருக்கமான ஸ்கேனில்கூடப் பல கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

அதே ஸ்கேன் கருவி வாங்கும் எதிரொலியில், திரையில் தெரியும் படத்தைவிட அதிகத் தகவல் இருக்கிறது. அந்தத் தகவலைக் கணினியால் பிரித்துப் படித்துப் புற்றுநோயை அடையாளம் காண முடியுமா என்ற ஆய்வு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ‘ஊசி இல்லாமல் ஸ்கேனிலேயே புற்றுநோய் தெரியும்’ என்பது போன்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றும் காலம் இது. இந்த ஆய்வு எதைச் சாதித்திருக்கிறது, எதைச் சாதிக்கவில்லை, தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கும் நம் ஆண்களுக்கு அதனால் என்ன பயன் என்பதைப் பார்ப்போம்.

நோயின் நிலவரம்

உலகளவில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் புராஸ்டேட் புற்றுநோய் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் இறந்தனர். மலேசிய ஆண்களிடையே பெருங்குடல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக இது நிற்கிறது.

நம் நாட்டில் பெரிய சிக்கல், நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 63.7 விழுக்காட்டு நோயாளிகள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். 2017 முதல் 2021 வரையிலான பதிவேட்டில் அது 65.1 விழுக்காடாக உயர்ந்தது. குறைய வேண்டிய எண் கூடியிருக்கிறது.

புராஸ்டேட் புற்றுநோயில் இந்தத் தாமதத்தின் விலை மிக அதிகம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் சுரப்பியைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகள் உயிர்வாழ்வோர் கிட்டத்தட்ட 100 விழுக்காடு. எலும்பு போன்ற தொலை உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டால் அது 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது.

நம் சமுதாயத்தில் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்த்தன்மை ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இரவில் நான்கு முறை எழுந்து கழிவறைக்குப் போகும் ஆண், “எனக்குத்தான் இனிப்புநீர் இருக்கிறதே” என்று தானே காரணம் சொல்லிக்கொள்கிறார். செம்பனைக் குலை வெட்டி வாழ்ந்தவர் முதுகு வலியை வேலையின் மேல் போடுகிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் சரியா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இரத்தப் பரிசோதனை எதுவரை உதவும்?

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சிறிய சுரப்பி. இள வயதில் வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும். வயது ஏற ஏறப் பெரிதாகும். அப்படிப் பெரிதாவது பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத சாதாரண வீக்கம்தான்.

இந்தச் சுரப்பி உண்டாக்கும் பிஎஸ்ஏ என்ற புரதம் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே முதல் பரிசோதனை. இந்த அளவு கூடினால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும் அது கூடும். அளவு 4 முதல் 10 வரை உள்ள ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே பயாப்ஸியில் புற்றுநோய் தெரிகிறது. மற்ற மூவர் தேவையில்லாத அச்சத்தையும் ஊசியையும் சந்திக்கிறார்கள்.

எனவே பிஎஸ்ஏ ஒரு சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். அடுத்து, சுரப்பிக்குள் எந்த இடத்தில் நோய் இருக்கிறது என்று பார்த்து அங்கே ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும். அல்ட்ராசவுண்டின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஊசி எங்கே போகிறது?

புராஸ்டேட்டுக்கு ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட் செய்யும் முறையை 1960களின் கடைசியில் ஜப்பானிய மருத்துவர் ஹிரோக்கி வாட்டனாபே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அப்போது படத்தில் கருமையாகத் தெரியும் இடமே புற்றுநோய் என்று நம்பப்பட்டது. பிறகுதான் சுற்றியுள்ள நல்ல திசுவின் நிறத்திலேயே பல கட்டிகள் தெரிகின்றன என்பதும், கருமையாகத் தெரிவதில் பல புற்றுநோயே இல்லை என்பதும் புரிந்தது.

படத்தை நம்ப முடியாததால், 1989இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் வேறு வழி சொன்னார்கள். சுரப்பியை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் ஊசி போடும் முறை அது. இன்று அது 12 ஊசிகளாக வளர்ந்திருக்கிறது. சுரப்பி எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டுமே அல்ட்ராசவுண்ட் பயன்படுகிறது.

ஓர் ஊசி எடுக்கும் திசு சுமார் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் பருமன். இப்படி 12 துண்டு எடுத்தாலும் மொத்தச் சுரப்பியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே நுண்ணோக்கியின் கீழ் போகிறது. மீதி 99 விழுக்காட்டில் என்ன இருக்கிறது என்பது ஊகம்தான்.

இந்த ஊகம் எவ்வளவு தவறலாம் என்பதை 2017இல் வெளியான பிரிட்டனின் ‘புரோமிஸ்’ ஆய்வு காட்டியது. 576 ஆண்களுக்கு வழக்கமான பயாப்ஸியும், சுரப்பி முழுவதும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசி போடும் விரிவான பயாப்ஸியும் செய்து ஒப்பிட்டார்கள். கவலைப்பட வேண்டிய புற்றுநோய் உள்ளவர்களில் 48 விழுக்காட்டினரை மட்டுமே வழக்கமான பயாப்ஸி கண்டுபிடித்தது. எம்ஆர்ஐ ஸ்கேன் 93 விழுக்காட்டினரைச் சுட்டிக்காட்டியது.

அதாவது, “பயாப்ஸி செய்தாச்சு, ஒன்றுமில்லை” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் இருந்தது. ஊசி அந்த இடத்துக்குப் போகவில்லை.

படமாக மாறும்போது தொலைவது என்ன?

எம்ஆர்ஐ இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது அல்ட்ராசவுண்டை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? எம்ஆர்ஐ கருவி பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும். முறை வரக் காத்திருக்க வேண்டும். தனியாரில் எடுத்தால் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது வழக்கம். எடுத்த படத்தைப் படித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற நிபுணர் வேண்டும். உடலில் சில வகை உலோகக் கருவிகள் பொருத்தியவர்களுக்கு அது ஒத்துவராது. அல்ட்ராசவுண்டோ சிறிய பட்டண மருத்துவமனையிலும் உண்டு. கட்டிலுக்கு அருகிலேயே தள்ளிக்கொண்டு வந்து பார்க்கலாம். ஊசி போடும் மருத்துவரின் கையிலும் எப்படியும் அதுதான் இருக்கும்.

சந்தையில் மண்பானை வாங்குபவர் பானையைத் தட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சத்தத்தில் தெரிந்துவிடும். டுரியான் வாங்குபவர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பதும் அதற்காகத்தான். அல்ட்ராசவுண்ட் கருவியும் நம் காதுக்குக் கேட்காத ஒலியால் திசுவைத் தட்டுகிறது. நொடிக்குப் பல மில்லியன் முறை அதிரும் ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை மின் சிக்னலாக மாற்றுகிறது.

அந்தச் சிக்னலில் இரண்டு வகைத் தகவல் உண்டு. ஒன்று, எதிரொலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது. மற்றொன்று, அதற்குள் எந்தெந்த அதிர்வெண்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. பானையின் சத்தத்தில் பலம் வேறு, நாதம் வேறு என்பது போல. வழக்கமான ஸ்கேன் படம் பலத்தை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டுகிறது. நாதத்தைப் படம் உருவாகும் முன்பே கருவி விட்டுவிடுகிறது.

நல்ல புராஸ்டேட் திசுவில் திரவம் நிறைந்த சிறு குழாய்களும் அறைகளும் ஒழுங்காக இருக்கும். புற்றுநோய்த் திசுவில் அணுக்கள் நெருக்கியடித்து, அந்த ஒழுங்கு குலைந்துவிடும். இந்த வேறுபாடு படத்தில் தெரியாத அளவுக்கு நுண்ணியது. ஆனால் ஒலி அலை சிதறும் விதத்தை அது மாற்றுகிறது. படமாக மாறும் முன் உள்ள மூலச் சிக்னலைப் பிடித்து ஆராய்ந்தால் அந்த மாற்றம் எண்ணாகக் கிடைக்கும். சிக்னல் பகுப்பாய்வின் அடிப்படை இவ்வளவுதான்.

நாற்பது ஆண்டு முயற்சி

இதற்கான கணித அடித்தளத்தை நியூயார்க்கின் ரிவர்சைடு ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் லிஸியும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குள் வரும் கட்டிகளை ஆராய்வதில் அவர்களின் முறை முதலில் பயன்பட்டது. பின்னர் அதே கழகத்தின் எர்னஸ்ட் ஃபெலெப்பா அதைப் புராஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஊசி திசு எடுக்கப் போகும் அதே இடத்தின் மூலச் சிக்னலை முதலில் பதிவு செய்துகொள்வார்கள். அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் ஒரு வரைகோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சரிவு, திசுவில் ஒலியைச் சிதறடிக்கும் நுண்பொருள்களின் அளவைப் பற்றிச் சொல்லும். அதன் உயரம், அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதோடு தொடர்புடையது. இந்த எண்களையும் நோயாளியின் பிஎஸ்ஏ அளவையும் கணினியிடம் கொடுத்து, பயாப்ஸி முடிவோடு ஒப்பிட்டுக் கற்கச் செய்தார்கள்.

முடிவு இப்படி வந்தது. புற்றுநோய் உள்ள ஓர் இடத்தையும் இல்லாத ஓர் இடத்தையும் காட்டி, எதில் நோய் என்று கேட்டால், படத்தைப் பார்த்துச் சொன்ன மருத்துவரின் கணிப்பு 100இல் ஏறத்தாழ 64 முறை சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 முறை சரியாகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சிக்னலைப் படித்த கணினிக்கு அது 84 முறையாக உயர்ந்தது.

கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் வேறு கோணத்தில் இறங்கின. பார்வின் மூசாவி, புராங் அபோல்மேசுமி ஆகியோரின் குழுக்கள் ஸ்கேன் கருவியைச் சில நொடிகள் அசையாமல் ஒரே இடத்தில் பிடித்து, அடுத்தடுத்து வரும் எதிரொலிகளைத் தொடராகப் பதிவு செய்தன. அசையாமல் பிடித்தாலும் சிக்னல் மிக நுண்ணிய அளவில் மாறிக்கொண்டே இருக்கிறது. இதயத் துடிப்பால் திசுவில் ஏற்படும் நுண்ணதிர்வு அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நல்ல திசுவும் நோயுற்ற திசுவும் அதில் மாறுபடுவதைக் கணினி கற்றுக்கொண்டது. கடந்த பத்தாண்டில் செயற்கை நுண்ணறிவு முறைகள் இந்த ஆய்வுக்கு வேகம் கொடுத்துள்ளன.

ஏமாற்றமும் உண்டு

வெற்றிக் கதையை மட்டும் சொன்னால் வாசகர்களைத் தவறாக வழிநடத்தியதாகும். இதே மூலச் சிக்னல் ஆய்வை அடிப்படையாக வைத்து ‘ஹிஸ்டோஸ்கேனிங்’ என்ற வணிக மென்பொருள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 2008 வாக்கில் மிகச் சிலரிடம் செய்த முதல் ஆய்வுகளில் அது பிரமாதமான முடிவுகளைத் தந்தது. பிறகு பல மருத்துவமனைகள் கூடுதலான நோயாளிகளிடம் சோதித்தன. அறுவை சிகிச்சையில் அகற்றிய சுரப்பியை வெட்டிப் பார்த்து ஒப்பிட்டபோது, மென்பொருள் காட்டிய இடமும் உண்மையில் நோய் இருந்த இடமும் பல நேரங்களில் பொருந்தவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? முதலாவது, கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பாடத்திலேயே பிழை இருக்கிறது. ஒரு திசுத் துண்டில் கால் பகுதியில்தான் புற்றுநோய் என்றால், துண்டு முழுவதையும் ‘நோய்’ என்று குறிப்பதா, ‘நலம்’ என்று குறிப்பதா? இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் கருவியில் கற்ற கணினி வேறு கருவியின் சிக்னலைக் கண்டால் தடுமாறுகிறது. மூன்றாவது, பெரும்பாலான கருவிகள் மூலச் சிக்னலை வெளியே எடுக்கவே விடுவதில்லை. ஆய்வுக்கென்று தனி ஏற்பாடு செய்தால்தான் அது கிடைக்கும்.

எனவே யாராவது ‘எங்கள் ஸ்கேன் ஊசி இல்லாமலேயே புற்றுநோயைச் சொல்லிவிடும்’ என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். இன்றைய நிலையில் எந்தச் சிக்னல் பகுப்பாய்வும் பயாப்ஸிக்கு மாற்றாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஊசி எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவதே அதன் வேலை.

2025இல் வந்த முக்கியச் செய்தி

மறுபக்கம், சிக்னலின் தரத்தையே உயர்த்தும் முயற்சி பலன் தரத் தொடங்கியிருக்கிறது. வழக்கமான ஆசனவாய் வழி ஸ்கேன் ஏறத்தாழ 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்துகிறது. கனடாவில் உருவான ‘மைக்ரோ அல்ட்ராசவுண்ட்’ கருவி 29 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்துகிறது. அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும். இக்கருவி தலைமுடியின் பருமன் அளவுள்ள நுண்ணமைப்புகளையும் பிரித்துக் காட்டுகிறது. ஒலி அதிக ஆழம் போகாது என்பது இதன் குறை. பெரிதாக வீங்கிய சுரப்பியின் முன்பகுதியைப் பார்ப்பது கடினம்.

இதை எம்ஆர்ஐயோடு நேரடியாக மோதவிட்ட ‘ஆப்டிமம்’ ஆய்வின் முடிவு 2025 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. 8 நாடுகளைச் சேர்ந்த 678 ஆண்கள் இதில் பங்கேற்றார்கள். மைக்ரோ அல்ட்ராசவுண்ட் வழிகாட்டிய பயாப்ஸியில் 47.1 விழுக்காட்டினருக்குக் கவலைப்பட வேண்டிய புற்றுநோய் தெரிந்தது. எம்ஆர்ஐ வழிகாட்டிய பயாப்ஸியில் அது 42.6 விழுக்காடு. எம்ஆர்ஐயைவிட இது தாழ்ந்ததல்ல என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பங்கேற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே புற்றுநோய்ச் சந்தேகம் எழுந்தவர்கள்; அறிகுறியே இல்லாதவர்களை வரிசையில் நிறுத்திச் செய்த சோதனை அல்ல. படத்தைப் படித்தவர்களும் அதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர்கள். கருவியை மட்டும் வாங்கி வைத்தால் அதே பலன் வந்துவிடாது.

எல்லா அல்ட்ராசவுண்ட் முறையும் இப்படி வெற்றி பெறவில்லை. 2022இல் வெளியான பிரிட்டனின் ‘கேட்மஸ்’ ஆய்வு, இரத்த ஓட்டம், திசுவின் கடினத்தன்மை முதலியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டை எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டது. அல்ட்ராசவுண்ட் 4.3 விழுக்காடு குறைவான முக்கியப் புற்றுநோய்களைக் கண்டது; 11.1 விழுக்காடு அதிகமானோருக்குப் பயாப்ஸி தேவைப்பட்டது. எம்ஆர்ஐ கிடைக்காத இடங்களில் இது ஒரு மாற்றாகலாம் என்றே அந்த ஆய்வாளர்கள் கூறினார்கள். அந்தக் கடைசி வாக்கியம் நமக்கு முக்கியம். எம்ஆர்ஐ எளிதில் கிடைக்காத இடத்தில்தான் நம்மவர்களில் பலர் வாழ்கிறார்கள்.

அதிகம் கண்டுபிடித்தால் எல்லாம் நன்மையா?

புராஸ்டேட் புற்றுநோயில் ஒரு விநோதம் உண்டு. பல ஆண்களுக்கு அது மிக மெதுவாக வளர்ந்து, எந்தத் தொல்லையும் தராமலே இருந்துவிடும். அப்படிப்பட்ட நோயைத் தோண்டி எடுத்து அறுவை சிகிச்சை செய்தால் சிறுநீர்க் கசிவு, தாம்பத்திய வாழ்வில் பாதிப்பு போன்ற விளைவுகள் மிஞ்சலாம்.

ஐரோப்பாவில் 1 லட்சத்து 62 ஆயிரம் ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. பிஎஸ்ஏ பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் 13 விழுக்காடு குறைந்தது. ஒரு மரணத்தைத் தடுக்க 456 ஆண்களைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது. பயன் உண்மையானது, ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது.

அதனால்தான் நோயைக் கண்டதும் எல்லாருக்கும் உடனே கத்தி வைப்பதில்லை. பிரிட்டனில் 1,643 ஆண்களை 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு என்ற மூன்று பிரிவிலும் 100இல் ஏறத்தாழ 97 பேர் இந்நோயால் இறக்கவில்லை. சுரப்பியைத் தாண்டாத, பெரும்பாலும் ஆபத்துக் குறைந்த நோய்க்கு இது பொருந்தும். புதிய ஸ்கேன் முறையும் இதே அளவுகோலில்தான் நிறுக்கப்பட வேண்டும். எத்தனை கட்டியைக் கண்டது என்பதோடு, ஆபத்தான கட்டியைக் கண்டதா, ஆபத்தில்லாதவரை ஊசியிலிருந்து காப்பாற்றியதா என்றும் கேட்க வேண்டும்.

நம் நாடு என்ன செய்யலாம்?

மேலே சொன்ன ஆய்வுகள் வட அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களிடம் நடந்தவை. அங்கே கற்ற கணினி நம் ஆண்களிடமும் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மலாய், சீன, இந்திய ஆண்களிடம் நம் மருத்துவமனைகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளுக்குப் புதிய அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கும்போது, மூலச் சிக்னலைச் சேமித்து வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். இன்று சேமிக்காத சிக்னலை நாளை எந்தக் கணினியாலும் படிக்க முடியாது. பல்கலைக்கழக மருத்துவமனைகள் இதற்கு முன்னின்றால், மாவட்ட மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனைக் கோலாலம்பூரில் இருக்கும் நிபுணர் பார்த்து வழிகாட்டும் காலம் வரலாம்.

இதெல்லாம் வரும்வரை நம் ஆண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகள், 50 வயதைத் தொட்ட ஆண்கள் பிஎஸ்ஏ பரிசோதனையின் நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்கின்றன. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் 45 வயதிலேயே பேசுவது நல்லது. நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அம்மா வழியில் இளம் வயது மார்பகப் புற்றுநோய், கருப்பைப் பக்கச் சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். சில மரபணு மாற்றங்கள் இரண்டுக்கும் பொதுவானவை.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். இனிப்புநீருக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து வாங்கப் போகும் நாளிலேயே கேட்கலாம். “இரவில் இத்தனை முறை எழுகிறேன், சிறுநீர் தடைபட்டு வருகிறது, என் அண்ணனுக்கு இந்த நோய் இருந்தது” என்று நேராகச் சொன்னால் போதும். சிறுநீரில் இரத்தம், காரணம் தெரியாத எடைக்குறைவு, இரவில் தூங்கவிடாத எலும்பு வலி இருந்தால் அடுத்த மருந்து நாள்வரை தள்ளிப்போட வேண்டாம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. பயாப்ஸிக்கு முன் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா? ஊசி சந்தேக இடத்துக்குப் போகிறதா, பொதுவாகப் போடப்படுகிறதா? ஆசனவாய் வழியாகவா, அதற்கு முன்னால் உள்ள தோல் வழியாகவா? தோல் வழியில் கிருமித் தொற்று அபாயம் குறைவு. இனிப்புநீர் உள்ளவர்கள் இதை மறக்காமல் கேட்க வேண்டும். முடிவில் நோய் இல்லை என்று வந்து பிஎஸ்ஏ மட்டும் ஏறிக்கொண்டே போனால், மறுபடி பார்க்க வேண்டுமா?

கூச்சம்தான் கடைசித் தடை. ஆசனவாய் வழிப் பரிசோதனை என்றதும் பல ஆண்கள் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. வீட்டில் அம்மாவும் அக்காவும் மார்பகப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். அவர்களுக்கும் கூச்சம் இருந்தது, பழகிக்கொண்டார்கள். அப்பாவிடமும் மாமாவிடமும் அதே பேச்சைப் பேச இன்னும் தயங்குகிறோம். முகாம் நடத்தும் கோயில்களும் இயக்கங்களும் ஒரு சிறிய மாற்றம் செய்தாலே உதவியாக இருக்கும். வயிற்று ஸ்கேன் அறிக்கையைக் கொடுக்கும்போது, ‘இது புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை அல்ல; 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கலாம்.